பழைய கணினியா, நாஸ் பெட்டியா? சின்ன அலுவலகத்துக்கு ஒரு ஃபைல் சர்வர்

எட்டுப் பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் வழக்கமாக நடப்பது இதுதான். யாரோ ஒருவர் தன் கணினியில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்வார், எல்லாரும் அதிலேயே ஃபைல்களைப் போட ஆரம்பித்துவிடுவார்கள். செலவே இல்லை. ஆனால் அவர் கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பினால் மற்றவர்கள் கையைப் பிசைய வேண்டியதுதான். விண்டோஸ் 10, 11 உரிம விதிப்படி 20 சாதனங்கள்தான் உச்சவரம்பும்கூட. மூன்று பேர் இருக்கும்வரை ஓட்டலாம்.

விண்டோஸ் சர்வர் வாங்கினால் அதன் உரிமத்துக்கு மேல் பெரும்பாலும் ஆளுக்கொரு அணுகல் உரிமமும் வேண்டும். வெறும் ஃபைல் பகிர்வுக்கு இது மலையைக் கெல்லி எலி பிடிக்கிற வேலை.

ஆக, நிஜமான போட்டி இரண்டுக்குள்தான்: மூலையில் கிடக்கும் பழைய கணினியில் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்), அல்லது இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரவே செய்த சின்னக் கணினி. (ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி? 2019-ல் வந்த நான்காம் மாடலிலிருந்து வேகம் பரவாயில்லை. ஆனால் டிஸ்க் பெரும்பாலும் ஒரு யூஎஸ்பி கேபிளில் தொங்கும். துடைக்க வருபவர் இழுத்தால் கதை முடிந்தது.)

பழைய கணினிக்குச் சக்தி போதுமா என்ற கவலையே வேண்டாம். கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 125 மெகாபைட்தான் ஏட்டளவு எல்லை, கைக்கு வருவது 110 சொச்சம். அதற்குப் பத்து வருஷத்துப் பிராசசரே தாங்கும். செலவழிப்பதாக இருந்தால் புது டிஸ்க்குக்கும், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் செலவழியுங்கள். கணினியை ஃபைல் சர்வராக்கும் மென்பொருள் இலவசம்: ஓப்பன்மீடியாவால்ட் சுமாரான கணினியிலும் ஓடும், ட்ரூநாஸுக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும். இரண்டிலும் விண்டோஸ் கணினிகளோடு பேசுவது 1992-ல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிய சாம்பா என்ற மென்பொருள்தான்.

இலவசத்தின் மறுபக்கம் மின்சாரம். 50 வாட் இழுக்கும் கணினி இரவும் பகலும் ஓடினால் வருஷத்துக்கு 438 யூனிட். இரண்டு டிஸ்க் நாஸ் 20 வாட் இழுத்தால் 175. இந்த வித்தியாசத்தைச் சில வருஷங்களுக்குக் கூட்டிப் பார்த்தால் பெட்டியின் விலையில் ஒரு பங்கு அதிலேயே கழிந்துவிடும். நாஸ் சத்தமும் போடாது. பிரவுசரில் நாலு பக்கம் நிரப்பினால் தயார்.

விலையைவிட நான் முதலில் பார்ப்பது ஸ்னாப்ஷாட், அதாவது ஃபைல்கள் ஒரு நேரத்தில் இருந்த நிலையை அப்படியே பதிந்துவைக்கும் வசதி. கணக்குப் பார்ப்பவர் காலையில் ஒரு எக்செல் தாளைத் தவறுதலாகக் காலிசெய்து சேவ் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். ஒரு டிஸ்க்கில் உள்ளதை மற்றதிலும் அப்படியே வைக்கும் ரெய்டு 1 அந்த வெற்றுத் தாளை இரண்டு டிஸ்க்கிலும் விசுவாசமாக எழுதிவைக்கும். மணிக்கொரு ஸ்னாப்ஷாட் இருந்தாலோ, ஃபைல்மேல் ரைட் கிளிக் செய்து 'முந்தைய பதிப்புகள்' பக்கத்தில் ஒன்பது மணிப் பிரதியை அவரே எடுத்துக்கொள்வார். ட்ரூநாஸில் இது, டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறையான இசட்எஃப்எஸ்ஸின் கொடை. சினாலஜி நிறுவன நாஸ் பெட்டிகளில், அதேபோன்ற பிடிஆர்எஃப்எஸ் முறை உள்ள மாடல்களில் கிடைக்கும். மலிவு மாடல் வாங்குமுன் இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். ஓப்பன்மீடியாவால்ட்டில் டிஸ்க்கை ஈஎக்ஸ்டி4 என்ற பழைய முறையில் வைத்தால் கிடைக்காது.

லினக்ஸ் கருப்புத் திரையைக் கண்டு மிரளாத ஒருவர் அலுவலகத்திலேயே இருந்தால் பழைய கணினியும் ட்ரூநாஸும் என்பேன். தெரிந்த பையன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பான் என்ற நிலை என்றால் நாஸ்தான். அவன் வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகும் அது ஓடும். எதுவானாலும் இணையத்துக்கு நேராகத் திறந்துவைக்காதீர்கள். 2022-ல், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் டெட்போல்ட் ரான்சம்வேர் அப்படித் திறந்துகிடந்த கியூநேப் நிறுவன நாஸ் பெட்டிகளைத்தான் தேடித்தேடிப் பூட்டியது.

மிச்சப் பணத்தில் இரண்டு வெளி டிஸ்க் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றிப் பேக்கப் எடுங்கள். எடுத்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். செருகியே கிடக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் சர்வரோடு சேர்த்தே பூட்டிவிடும்.