பல வருடங்களாக ஒரே 40 லிட்டர் பேக்பேக்: பயணச் செலவு எங்கே குறைந்தது, எங்கே குறையவில்லை

செலவைச் சுருக்கிப் பயணம் போவது பற்றிக் கேட்டால், டிக்கெட்டை எப்போது போடுவது, எங்கே தங்குவது என்றுதான் பேச்சு போகும். எனக்கு அதிகம் மிச்சப்படுத்திக் கொடுத்தது ஒரு பை. 40 லிட்டர் கொள்ளளவு. முன்பக்கம் சூட்கேஸ் போல முழுதாகத் திறக்கும். இடுப்புப் பட்டை உண்டு. காலிப் பையின் எடை ஒன்றேகால் கிலோ. வாங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. விமானம், ரயில், இரவுப் பேருந்து, படகு என எல்லாவற்றிலும் இது ஒன்றுதான் கூட வருகிறது.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த மிச்சம். மலிவு விமானங்களில் டிக்கெட் விலை ஆளுக்கு மட்டும்தான், பெட்டிக்குத் தனிக் கட்டணம். அதுவும் டிக்கெட் போடும்போதே கட்டினால் ஒரு விலை, கவுன்டரில் கட்டினால் கூடுதல், ஏறும் வாசலில் பிடிபட்டால் எல்லாவற்றையும்விடக் கூடுதல். சில சமயம் பெட்டிக் கட்டணம் டிக்கெட் விலையையே தாண்டிவிடும். பேக்பேக் மட்டும் இருந்தால் பெரும்பாலும் இந்தச் செலவு இல்லை. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. எத்தனையோ நிறுவனங்கள் 55 × 40 × 20 செ.மீ. அளவை ஒட்டிக் கைப்பையை (விமானத்துக்குள் கையோடு எடுத்துப்போகும் பை) அனுமதிக்கின்றன. பெருக்கிப் பார்த்தால் 44 லிட்டர், அதில் 40 லிட்டர் பை அடங்கிவிடும். ஆனால் எல்லோருக்கும் பொதுவான அளவு என்று ஒன்று இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2015-இல் 55 × 35 × 20 செ.மீ. என்று ஒரு பொது அளவை முன்வைத்தது, அது நிலைக்கவில்லை. இன்று சில நிறுவனங்கள் இருக்கைக்கு அடியில் போகிற சின்னப் பையை மட்டும்தான் இலவசமாக விடுகின்றன. அங்கே இந்தப் பைக்கும் காசு கட்ட வேண்டும். அதனால் இரண்டு டிக்கெட்டுகளை ஒப்பிடும்போது பைக் கட்டணத்தையும் கூட்டிய பிறகு எது மலிவு என்று பாருங்கள்.

எடைதான் இன்னும் கறாரான விஷயம். பல நிறுவனங்களில் கைப்பைக்கு 7 கிலோதான். கையளவு டிராலி பெட்டியே இரண்டரை, மூன்று கிலோ வந்துவிடும், மிச்சம் நாலு கிலோவில் என்ன வைப்பது? இந்தப் பையில் ஐந்தே முக்கால் கிலோ எனக்குக் கிடைக்கிறது. அப்புறம், லிட்டர் கணக்கு சரியாக இருந்தாலும் திணித்தால் பை வயிறு தள்ளிக்கொள்ளும். 20 செ.மீ. இருக்க வேண்டியது 26 ஆகிவிடும். பையின் அளவைச் சோதிக்க வைத்திருக்கும் கூண்டில் மாட்டுவது பெரும்பாலும் முன்பாக்கெட்தான். அதில் நான் காகிதங்களைத் தவிர எதுவும் வைப்பதில்லை. காலணிகளை அடிப்பக்கம், அடிப்பாகம் பையின் சுவரைப் பார்த்தபடி, உள்ளே சாக்ஸைச் சுருட்டித் திணித்து வைக்கிறேன். சார்ஜர், புத்தகம் இரண்டும் ஜாக்கெட் பாக்கெட்டுக்குப் போய்விடும். பக்கவாட்டுப் பட்டைகளை இழுத்துக் கட்டினால் பை தட்டையாகிவிடும். வரிசையில் நிற்கும்போது பரபரப்பே இருக்காது.

ஆனால் பெரிய மிச்சம் விமானத்துக்கு வெளியே. இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இரவில் தாமதமாக இறங்கினால், பெட்டி வரும் பெல்ட்டின் முன்னால் அரை மணி நேரம் நிற்பவருக்குக் கடைசி ரயிலோ பேருந்தோ போய்விடும், டாக்சிதான் கதி. நேரே நடந்து வெளியே வருபவர் அந்தக் கடைசி வண்டியைப் பிடித்துவிடலாம். அந்த ஒரு டாக்சிக் காசில் ஒரு இரவு தங்கிவிடலாம் என்கிற ஊர்கள் உண்டு. நிலையத்தை ஒட்டிய அறைகள் விலை அதிகம், இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் குறையும். சக்கரப் பெட்டியோடு மேடு பள்ளத்தில் அந்த இரண்டு கிலோமீட்டரை யாரும் நடக்க மாட்டார்கள். இடுப்புப் பட்டையைச் சரியாகக் கட்டிய பேக்பேக்கோடு தாராளமாக நடக்கலாம். எடையில் பெரும்பகுதி தோளில் இல்லாமல் இடுப்பெலும்பில் உட்கார வேண்டும், அதுதான் சூட்சுமம். பட்டையை வயிற்றில் கட்டிக்கொண்டு தோள் வலிக்கிறது என்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

காலையில் போய் இறங்குகிறோம், அறை மதியம்தான் கிடைக்கும். லாக்கருக்குக் காசு கொடுக்காமல், அதற்காக நிலையத்துக்குத் திரும்பி வர வேண்டிய கட்டாயமும் இல்லாமல் பையோடே ஊரைப் பார்க்கலாம். தனித்தனியாக வாங்கிய இரண்டு மலிவு டிக்கெட்டுகளைச் சேர்த்துப் பயணம் போகவும் இதுவே வசதி. நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கும் வேலை இல்லை. ஆனாலும் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், இடைவெளியைத் தாராளமாக விடுங்கள்.

இவ்வளவும் நடக்க வேண்டுமானால் துணி குறைய வேண்டும். பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. இரவில் துவைத்துப் போட்ட பாலியஸ்டர் சட்டை காலையில் காய்ந்திருக்கும், ஜீன்ஸ் அடுத்த நாளும் ஈரமாக இருக்கும். பாலியஸ்டரில் வியர்வை நாற்றம் சீக்கிரம் ஏறும், அது ஒரு குறைதான். மெல்லிய கம்பளி நூல் சட்டை அதற்குத் தீர்வு, விலைதான் அதிகம். காய வைப்பதற்கு ஒரு வழி: பிழிந்த சட்டையை உலர்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, அந்தச் சுருளை முறுக்குங்கள். துண்டு ஈரத்தைக் குடித்துவிடும், காயும் நேரம் நன்றாகக் குறைகிறது. எனக்கு சலவைக் கடைச் செலவு ஏறக்குறைய நின்றே போய்விட்டது.

திரவங்களுக்கு 100 மி.லி. கட்டுப்பாடு 2006-இலிருந்து இருக்கிறது. சில விமான நிலையங்களில் புதிய ஸ்கேனர்கள் வந்தபின் தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் திரும்பி வரும் நிலையத்தில் பழைய விதியே இருக்கலாம். பாட்டிலின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள், 200 மி.லி. பாட்டிலில் பாதி இருந்தாலும் போகாது. கட்டிச் சோப்பு, கட்டி ஷாம்பு இரண்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். 20,000 மில்லியாம்பியர்-மணி என்றால் சுமார் 74 வாட்-மணி, வழக்கமான 100 வாட்-மணி வரம்புக்குள் வரும். இருக்கைக்கு மேலுள்ள தட்டில் இடமில்லை என்று வாசலில் பையைக் கீழே சரக்குப் பகுதிக்கு அனுப்பச் சொன்னால் பவர் பேங்கைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் அதை மேல் பாக்கெட்டிலேயே வையுங்கள்.

இனி பையின் இன்றைய நிலைமை. துணி இன்னும் அருமை. 840 டெனியர் நைலான், அதாவது 9,000 மீட்டர் நூலின் எடை 840 கிராம். தரையில் இழுத்த இடங்களில் மேல்நூல் பிசிறியதைத் தவிரக் கிழிசல் இல்லை. மார்புப் பட்டையின் பக்கிள் உடைந்தது, 20 மி.மீ. பக்கிள் சல்லிசாகக் கிடைத்ததால் மாற்றிவிட்டேன். மெயின் ஜிப் ஒரு கட்டத்தில் மூடிய பிறகும் பின்னால் பிரிய ஆரம்பித்தது. பற்கள் நன்றாகத்தான் இருந்தன, ஓடும் தலைதான் தேய்ந்து அகன்றிருந்தது. குறடால் இரண்டு பக்கமும் மெதுவாக நெருக்கியதில் கொஞ்ச காலம் ஓடியது, பிறகு தலையை மட்டும் மாற்றினார்கள். முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இதை முதலில் கேளுங்கள். ஏமாற்றம் தந்தது உள்பூச்சுதான். தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஈரப்பதத்தில் மெல்லச் சிதைந்து பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். என் பையில் அடிப்பகுதி உதிர ஆரம்பித்துவிட்டது. மூடிய அலமாரியில் வைக்காமல் காற்றாடத் தொங்கவிட்டிருந்தால் தள்ளிப்போகும், தவிர்க்க முடியாது. மழைக்கு இப்போது உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பையைப் போட்டுக்கொள்கிறேன், அது போதும்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு ஆளுக்கொரு பையை விட, எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய பெட்டிக்குக் கட்டணம் கட்டுவது பல நேரம் மலிவு. முதுகுவலி உள்ளவர்கள் சக்கரப் பெட்டியே எடுக்கட்டும், வைத்தியச் செலவுக்கு முன்னால் பெட்டிக் கட்டணம் ஒன்றுமில்லை. கடுங்குளிர் ஊர்களுக்கு, கனமான ஜாக்கெட்டையும் காலணியையும் அணிந்துகொண்டே ஏற முடிந்தால்தான் 40 லிட்டர் போதும்.

அடுத்த பை வாங்கும்போதும் 40 லிட்டருக்கு மேல் போக மாட்டேன். இடுப்புப் பட்டை உள்ளே மடங்கி மறைய வேண்டும், மெயின் ஜிப் 8 அல்லது 10-ஆம் எண்ணாக (எண் கூடக் கூடப் பற்கள் பெரிது) இருக்க வேண்டும், காலி எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. நிறத்தையும் பிராண்டையும் கடைசியில்தான் பார்ப்பேன்.