கருப்பு உருவமா, சிவப்பு உருவமா? கிரேக்கச் சாடிகளில் புராணம்

கிரேக்கப் புராணக் காட்சிகளைச் சாடி ஓவியங்களில் பார்க்கத் தொடங்குபவர்கள் கருப்பு உருவம், சிவப்பு உருவம் என்ற இரண்டு பாணிகளில் எதில் ஆரம்பிப்பது என்று தயங்குகிறார்கள். ஏதென்ஸில் இரண்டுக்கும் மண் ஒன்று, சூளையும் ஒன்று.

செய்முறை
கருப்பு: உருவத்தைச் சூளையில் கருப்பாகும் களிக்குழம்பால் நிரப்பி, நுணுக்கங்களைக் கூர்முனையால் கீறுவார்கள்.
சிவப்பு: கி.மு. 520-ஐ ஒட்டி வந்தது. பின்னணி கருப்பு, உருவம் மண் நிறம், கோடுகள் தூரிகையால்.

யார் என்று அடையாளம் காண்பது
கருப்பு: எளிது. பெண்களின் மேனிக்குப் பெரும்பாலும் வெள்ளை பூசியிருக்கும். ஃபுளோரன்ஸில் உள்ள பிரான்சுவா சாடியில் 200-க்கும் மேற்பட்ட உருவங்கள். பலருக்குப் பெயரும் எழுதியிருக்கிறது.
சிவப்பு: கொஞ்சம் பழக வேண்டும்.

உடலும் உணர்ச்சியும்
சிவப்பு: இதில் முந்துகிறது. யூஃப்ரோனியோஸ் வரைந்த சார்பெடோனைப் பாருங்கள். தலைமைக் கடவுள் ஸியூஸின் மகனான இவன் போரில் இறந்துகிடக்க, உறக்கம், மரணம் என்ற இரு தேவர்கள் அவனைத் தூக்குகிறார்கள்; காயங்களில் ரத்தம் வழிகிறது, வயிற்றுத் தசை ஒவ்வொன்றும் தெரிகிறது.
கருப்பு: இதில் உணர்ச்சி இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். எக்ஸீகியாஸ் வரைந்த அயாக்ஸ் என்ற வீரன் தற்கொலைக்காக வாளை மண்ணில் நடுகிறான். குனிந்த அந்த ஒற்றை ஆள் போதும், நெஞ்சு கனத்துவிடும்.

சரி, யாருக்கு எது? கதைகளையும் கதைமாந்தர்களையும் பழக நினைப்பவர்களுக்குக் கருப்பு. மனித உடலை வரையக் கற்பவர்களுக்குச் சிவப்பு. முடிவெடுக்க முடியாதவர்கள் மியூனிக்கில் உள்ள இருபாணிச் சாடியைப் பார்க்கலாம்: விருந்தில் சாய்ந்திருக்கும் ஹெராக்ளீஸ், ஒரு பக்கம் கருப்பில், மறுபக்கம் சிவப்பில்.