டெபியன் 13: எந்த லேப்டாப்பில் சமர்த்தாக ஓடும், எதில் அடம் பிடிக்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியன் 13 எனக்கு ரொம்பவே பிடித்திருக்கிறது. 'டிரிக்ஸி' என்ற பெயரில் 2025 ஆகஸ்ட் 9-ல் வெளிவந்தது. டெஸ்க்டாப் எப்படி இருக்கிறது, எத்தனை மென்பொருள்கள் இருக்கின்றன என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. நான் பார்த்தது ஒன்றை மட்டும்தான்: பென் டிரைவில் ஏற்றி, செருகி, இன்ஸ்டால் செய்தால் நம் கையில் இருக்கும் மெஷினை அது அடையாளம் கண்டுகொள்கிறதா, வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, மூடி வைத்துத் திறந்தால் ஒழுங்காக விழித்துக்கொள்கிறதா. லினக்ஸ் போட்டுப் பார்த்துவிட்டு ஒரே வாரத்தில் விண்டோஸுக்குத் திரும்பியவர்களில் எனக்குத் தெரிந்த பலரும் இந்த இடத்தில்தான் திரும்பினார்கள். மென்பொருள் பிடிக்காமல் போனவர்கள் ரொம்பக் குறைவு.

டெபியனைப் பற்றிப் பழைய அபிப்பிராயம் வைத்திருப்பவர்கள் அதை இப்போது மாற்றிக்கொள்ளலாம். முன்பெல்லாம் அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவில் (பென் டிரைவில் ஏற்றும் இன்ஸ்டால் கோப்பு) மூலநிரல் வெளியிடப்படாத மூடிய ஃபர்ம்வேர் எதுவும் இருக்காது. ஃபர்ம்வேர் என்பது வைஃபை சிப்புக்குள் போய் ஏறி அதை இயக்கும் சின்னக் கோப்பு; அது இல்லாவிட்டால் டிரைவர் இருந்தும் சிப் செத்தது மாதிரிதான் கிடக்கும். இன்ஸ்டாலர் நடுவழியில் நின்று, இன்ன கோப்பு வேண்டும், வேறு பென் டிரைவில் கொண்டுவா என்று கேட்கும். அதை டவுன்லோடு செய்ய நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும், வைஃபைக்கு அந்தக் கோப்பு வேண்டும். ஃபர்ம்வேரோடு சேர்ந்த ஐஎஸ்ஓவும் இருக்கத்தான் செய்தது, ஆனால் அதிகாரப்பூர்வமற்றது என்ற முத்திரையோடு வேறொரு மூலையில் இருந்ததால் புதிதாக வருபவர் கண்ணில் அது படாது. 2022 அக்டோபரில் டெபியன் டெவலப்பர்கள் வாக்கெடுப்பு நடத்தி, தங்கள் கொள்கை ஆவணமான சமூக ஒப்பந்தத்தையே திருத்தி, தேவையான ஃபர்ம்வேரை அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரிலேயே சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் அது நடைமுறைக்கு வந்தது, 13-லும் தொடர்கிறது. கொள்கை பேசுபவர்களுக்கு இதில் வருத்தம் இருக்கலாம், அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். மூடிய கோப்பு வேண்டவே வேண்டாம் என்பவர்கள் பூட் ஆகும்போதே ஒரு வார்த்தை சேர்த்து அதை நிறுத்திவிடவும் வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் கையில் ஒரே ஒரு லேப்டாப் வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைக்கு இந்த முடிவு எவ்வளவு பெரிய உதவி என்பதை நேரில் பார்த்தவன் என்ற முறையில், இது டெபியன் எடுத்த மிக நல்ல முடிவுகளில் ஒன்று என்பேன்.

சரி, மெஷின்களுக்கு வருவோம். முதலாவது, ஆபீஸில் ஓடி ஓய்ந்து செகண்ட் ஹேண்டில் வந்த, இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5 லேப்டாப். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் கணக்குப்படி இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதனால் இந்த மாதிரி மெஷின்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன, பல வீடுகளில் பரணுக்கும் போய்விட்டன. டெபியன் 13 இதில் வெண்ணெய் மாதிரி இறங்கியது. இன்டெல் 8260 வைஃபை இன்ஸ்டாலரிலேயே வந்துவிட்டது, பக்கத்து வீட்டு நெட்வொர்க் பெயர்கள் வரை பட்டியலில் தெரிந்தன. ஒலி, வெப்கேம், புளூடூத், திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள், ஹெச்டிஎம்ஐ எல்லாமே எதையும் தொடாமலே வேலை செய்தன. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: ஆறாம் தலைமுறை கிராபிக்ஸில் யூடியூப் அனுப்பும் விபி9 வடிவ வீடியோவை முழுதாக ஹார்டுவேரிலேயே பிரிக்கும் வசதி கிடையாது, அது ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. அதனால் யூடியூபில் பெரிய ரெசல்யூஷன் வைத்தால் ஃபேன் கத்த ஆரம்பிக்கும். விபி9-க்குப் பதில் ஹெச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் ஆட்-ஆன் ஒன்றை பிரவுசரில் போட்டால் சத்தம் அடங்கிவிடும்.

இரண்டாவது, மாணவர்கள் அதிகம் வாங்கும் விலையில் உள்ள ஓரளவு புது லேப்டாப். கம்பெனி பெயர் வேண்டாம், உள்ளே இருக்கும் வைஃபை சிப்தான் நமக்கு முக்கியம்: ஆர்டிஎல்8852பிஇ. இந்த விமர்சனத்தின் மையமே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தச் சிப்புக்கான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் அதன் 6.2 பதிப்பில்தான் வந்தது. டெபியன் 12-ல் இருப்பது 6.1. அதாவது ஒரே ஒரு பதிப்பு முந்தி. டெபியன் ஒரு கர்னலைப் பிடித்துக்கொண்டால் அந்த வெளியீட்டின் ஆயுள் முழுக்க அதிலேயே நிற்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், புது ஹார்டுவேருக்கான டிரைவர்கள் பெரும்பாலும் வராது. ஆக, டெபியன் 12 போட்டால் இந்த லேப்டாப்பில் வைஃபை கிடையாது, டெபியன் புதிய பதிப்புகளைத் தனியாக வைத்துத் தரும் பேக்போர்ட்ஸிலிருந்து புதிய கர்னலை இழுத்துப் போட்டால்தான் உண்டு. டெபியன் 13-ல் இருப்பது 6.12, 2024 நவம்பரில் வந்த நீண்டகால ஆதரவுக் கர்னல். அதே லேப்டாப், அதே சிப், இன்ஸ்டாலரிலேயே வைஃபை பட்டியல் வந்து நிற்கிறது. லினக்ஸுக்கு இந்தக் கம்பெனி ஒத்துவராது, அந்தக் கம்பெனி ஒத்துவரும் என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறோம் இல்லையா, அது பாதிக்கு மேல் தவறு. சிப் எந்த வருடத்தியது, அதன் டிரைவர் எந்தக் கர்னலில் நுழைந்தது, நீங்கள் போடும் டிஸ்ட்ரோவில் (டெபியன், உபுண்டு மாதிரி லினக்ஸ் வகை) எந்தக் கர்னல் இருக்கிறது, இந்த மூன்றையும் பார்த்தால் விடை கிடைத்துவிடும். 2025-க்கு அப்புறம் வந்த மாடல் என்றால் டெபியன் 13-லும் இதே இழுபறி வரலாம், அதற்கும் பேக்போர்ட்ஸ்தான் வழி.

கேபிள் போர்ட்டும் இல்லாமல் வைஃபையும் இல்லாமல் மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, போன் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் இன்ஸ்டாலர் அதைக் கேபிள் நெட்வொர்க்காகவே எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் எதுவும் தேவைப்படாது. நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ ஒரு ஜிபிக்கும் குறைவுதான், மீதியை இன்ஸ்டால் செய்யும்போதே நெட்டில் இழுக்கும், அதனால் போனில் டேட்டா பேலன்ஸ் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நண்பர் ஒருவரின் கேமிங் லேப்டாப், என்விடியா கார்டோடு. இங்கேதான் மதிப்பெண் குறைகிறது. இன்ஸ்டால் முடிந்ததும் திரை வரும், வேலை நடக்கும், ஏனென்றால் நூவோ என்ற திறந்தமூல டிரைவர் கூடவே வருகிறது. ஆனால் ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளில் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் விவகாரத்தால் நூவோவால் கார்டின் வேகத்தை உயர்த்த முடியாது. முழு வேகம் வேண்டுமென்றால் என்விடியாவின் சொந்த டிரைவரைப் போட வேண்டும், அதற்கு மென்பொருள்களை நிறுவும் ஆப்ட்டின் பட்டியலில் 'கான்ட்ரிப்', 'நான்-ஃப்ரீ' என்ற கூடுதல் பகுதிகள் இரண்டையும் கையால் சேர்க்க வேண்டும், டிரைவரைக் கம்பைல் செய்யத் தேவையான கர்னல் ஹெட்டர்களையும் நிறுவ வேண்டும். இதுவரை சரி. கையொப்பமில்லாத நிரலை ஏற்க மறுக்கும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால் இன்னொரு படி இருக்கிறது: டிரைவர் நம் மெஷினிலேயே கம்பைல் ஆகிறது, அதற்கு நம் மெஷினே ஒரு சாவியால் கையொப்பம் இடுகிறது, அந்தச் சாவி நம்பகமானது என்று நாம் பதிவு செய்ய வேண்டும். மோக்யூட்டில் (mokutil) கட்டளையில் சாவியைக் கொடுத்து ஒரு தற்காலிகப் பாஸ்வேர்டு வைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் ஒரு நீலத் திரை வரும். அதில் சில நொடிகளுக்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டி, 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் அது பாட்டுக்கு பூட் ஆகிவிடும், டிரைவர் ஏறாது, திரும்ப முதலிலிருந்து. இதைப் பற்றி இன்ஸ்டாலர் எங்கேயும் ஒரு வரிகூட முன்னால் சொல்வதில்லை. உபுண்டுவிலும் லினக்ஸ் மின்ட்டிலும் டிரைவர்களைத் தேர்ந்தெடுக்கத் தனி ஜன்னலே இருக்கிறது. டெபியன் இந்த ஒரு விஷயத்தில் இன்னும் பயனரைத் தனியே விட்டுவிடுகிறது. என்விடியா கார்டு இருக்கிறது, கேம் ஆட வேண்டும், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் பழக்கமில்லை என்றால் மின்ட் பக்கம் போங்கள், மனதாரச் சொல்கிறேன்.

அதே லேப்டாப்பில் இன்னொரு தலைவலி: இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டியே தெரியவில்லை. பார்ட்டிஷன் பக்கத்தில் நம் பென் டிரைவ் மட்டும் பரிதாபமாக நிற்கும். எஸ்எஸ்டி கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்துவிடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்யும்போது நுழையும் பயாஸ் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் மோட் இன்டெல் ஆர்எஸ்டி என்றோ ரெய்டு என்றோ இருக்கும், அதை ஏஹெச்சிஐ என்று மாற்றினால் டிஸ்க் தெரியும். ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் நேராகப் போய் மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் பூட் ஆகாமல் நின்றுவிடும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள், ரீஸ்டார்ட் செய்து பயாஸில் மாற்றுங்கள், விண்டோஸ் ஒருமுறை சேஃப் மோடில் ஏறட்டும், அப்புறம் டிக்கை எடுத்துவிடுங்கள். இதற்கெல்லாம் முன்னால் விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி சாவியை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் கைவைத்தால் அது அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கக்கூடும், அப்போது கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் இருக்கும் படம், பாடம் எல்லாவற்றுக்கும் ஆபத்து.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கைரேகை ரீடரை நம்பி எந்த லேப்டாப்பையும் வாங்காதீர்கள், லினக்ஸில் கைரேகை ரீடர்களை ஓட்டும் எல்ஐபிஎஃப்பிரின்ட் (libfprint) திட்டம் ஆதரிக்கும் பட்டியலில் அந்த யுஎஸ்பி எண் இருந்தால் மட்டும் வேலை செய்யும். யுஎஸ்பி வழியே இணைந்திருக்கும் சாதாரண வெப்கேம்கள் ஒரு பொதுத் தரத்தைப் பின்பற்றுவதால் அநேகமாக எல்லாமே ஓடும்; ஆனால் அண்மைக்கால மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் இருக்கும் இன்டெல் ஐபியூ6 வகைக் கேமராக்கள் வேறு ரகம், அவற்றில் இன்னும் சிக்கல் இருக்கிறது. புதிய மாடல்களில் மூடி வைத்தாலும் பேட்டரி கரைகிறது என்று பலர் புலம்புவதற்குக் காரணம், எஸ்3 என்ற பழைய ஆழ்ந்த தூக்க நிலையையே பயாஸிலிருந்து எடுத்துவிட்டு அரைத்தூக்கத்தை மட்டும் விட்டு வைத்திருப்பது. இதை டெபியனால் சரிசெய்ய முடியாது. பிரிண்டரில், வைஃபை உள்ள புதியவை டிரைவரே இல்லாமல் ஓடிவிடுகின்றன. டிடிபி கடைகளில் காணும் பழைய சின்ன லேசர் பிரிண்டர்களில் சில, கம்பெனி தரும் 32 பிட் டிரைவரையே நம்பியிருப்பதால், அவற்றை ஓட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இன்ஸ்டாலரைத் தமிழிலேயே நடத்தலாம், கிராபிக்கல் முறையைத் தேர்ந்தெடுத்தால் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கும். தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற மென்பொருளை நிறுவினால் போதும். ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டு கேட்கும் இடத்தைக் காலியாக விட்டால் உங்கள் கணக்குக்கே சூடோ என்ற நிர்வாகி அனுமதி வந்துவிடும், வீட்டு உபயோகத்துக்கு அதுதான் வசதி.

போடுவதற்கு முன்னால் என்ன செய்யலாம்? நெட்இன்ஸ்டுக்குப் பதில் லைவ் ஐஎஸ்ஓவை இறக்கி, டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் கடையில் வாங்கும்போதும் இந்தப் பென் டிரைவை எடுத்துக்கொண்டு போகலாம், ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் பூட் செய்து பார்க்கிறேன் என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை 'கே' விருப்பத்தோடு (lspci -k) கொடுங்கள். ஒவ்வொரு சாதனத்துக்குக் கீழேயும் 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி வரும். வைஃபைக்குக் கீழே அந்த வரி இல்லையென்றால் அந்தச் சிப்புக்கு டிரைவர் கிடைக்கவில்லை என்று அர்த்தம். வரி இருந்தும் நெட்வொர்க் தெரியவில்லையா, ஃபர்ம்வேராக இருக்கலாம், கர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டில் சிவப்பில் கோப்பின் பெயரே இருக்கும்.

வைஃபை எப்படியும் வரவில்லை என்றால் ஒரு யுஎஸ்பி டாங்கிள் வாங்கலாம், ஆனால் அட்டைப்பெட்டியில் 'லினக்ஸ்' என்று போட்டிருப்பதை வைத்து வாங்காதீர்கள். ஒரே மாடல் பெயரில் வி1, வி2, வி3 என்று உள்ளே சிப்பை மாற்றிவிடுகிறார்கள். சிப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஏஆர்9271 உள்ள டாங்கிள் பழசு, 150 எம்பிபிஎஸ்தான், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், ஆனால் அதன் ஃபர்ம்வேரின் மூலநிரல்கூடத் திறந்தே கிடக்கிறது. செருகிய உடனே வேலை செய்கிறது, நான் பையில் எப்போதும் வைத்திருப்பது அதைத்தான்.

32 பிட் மட்டுமே ஓடும் பழைய நெட்புக் வைத்திருப்பவர்களுக்கு: டெபியன் 13-ல் அதற்கான இன்ஸ்டாலரும் கர்னலும் எடுக்கப்பட்டுவிட்டன. டெபியன் 12-லேயே இருங்கள், அதன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. மற்றபடி 2015-லிருந்து 2024 வரை வந்த, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இன்டெல் அல்லது ஏஎம்டி லேப்டாப் உங்களிடம் இருந்தால் யோசிக்காமல் டெபியன் 13 போடலாம், ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். என்விடியா இருந்தால் மூன்று.