கஸ்டம் வெப்சைட்னு காசு வாங்கிட்டு ரெடிமேட் தீம், கடைசியில டொமைனும் அவங்க பேர்ல

கொஞ்சம் பெரிய பதிவு, பிசினஸுக்கு வெப்சைட் பண்ணக் குடுக்கப் போறவங்களாவது முழுசா படிச்சிடுங்க. கம்பெனி பேரு போடல, கேக்கவும் வேணாம், பேரை மாத்திக்கிட்டு வர்றதுக்கு இவங்களுக்கு ரொம்ப நேரம் ஆகாது.

எங்களோடது மெஷின் ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரம். 9 வருஷமா ஒரு பழைய சைட் ஓடிட்டு இருந்துச்சு, பாக்க நல்லாவே இருக்காது, மொபைல்ல தொறந்தா எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரியும், ஆனா பார்ட் நம்பரை கூகுள்ல அடிச்சா நாங்கதான் மேல வருவோம், வர்ற ஆர்டர்ல பாதி அப்படி வந்ததுதான். அதை புதுசாக்கலாம்னு ஒரு வெப் டிசைன் கம்பெனியப் புடிச்சோம். ரெடிமேட் டெம்ப்ளேட் (தீம்னும் சொல்வாங்க, ஏற்கனவே செஞ்சு வச்ச டிசைன்) நாங்க தொடவே மாட்டோம், எல்லாமே ஸ்க்ராட்ச்ல இருந்து உங்களுக்காகவே கோட் பண்றது, அதான் ரேட் கொஞ்சம் கூடன்னாங்க. சரின்னு பாதிப் பணம் அட்வான்ஸ் குடுத்தாச்சு.

இப்ப யோசிச்சா முதல் வாரத்துலயே உஷாராயிருக்கணும். கஸ்டமா பண்றவங்க முதல்ல உங்க கஸ்டமர் யாரு, சைட்டுக்கு வந்து என்ன தேடுவாங்கன்னு குடைஞ்சு குடைஞ்சு கேப்பாங்க, எந்தெந்தப் பக்கம் வேணும்னு ஒரு சைட்மேப் போடுவாங்க, அப்புறம் கலரே இல்லாம வெறும் கட்டம் கட்டமா ஒயர்ஃப்ரேம், அதுக்கு நீங்க ஓகே சொன்னப்புறம் டிசைன், அதுக்கும் ஓகே வாங்கிட்டுத்தான் கோடிங். எங்ககிட்ட கேட்டது லோகோவும் புடிச்ச கலரும். மூணாவது நாளே டிசைன் வந்துருச்சு. அட, இவ்வளவு ஸ்பீடான்னு பாராட்டி வேற மெசேஜ் போட்டேன்.

சைட் லைவ் ஆச்சு, ஸ்லைடர் ஓடுது, படமெல்லாம் மிதந்து மிதந்து வருது, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா என்கொயரி வரல. ஒரு மாசம், ரெண்டு மாசம், ஒண்ணு கூட இல்ல. கேட்டா புது சைட் சார், கூகுள்ல செட்டாக டைம் எடுக்கும், வேணும்னா எஸ்இஓ (கூகுள்ல மேல வர வைக்கற வேலை) பேக்கேஜ் எடுத்துக்கோங்கன்னாங்க.

நாலாவது மாசம் ஒரு பழைய கஸ்டமர் போன் பண்ணி, என்னங்க உங்க சைட்டைத் தொறந்தா சூதாட்ட சைட்டுக்குப் போகுதுன்னு கேக்குறாரு. நான் அட்ரஸ் அடிச்சு தொறந்தா ஒழுங்காத்தான் வருது. அவரு மொபைல்ல, கூகுள்ல தேடி வந்து க்ளிக் பண்ணா மட்டும் வேற எங்கயோ தள்ளி விடுது. ஓனர் கண்ணுல படக்கூடாதுன்னே இந்த மாதிரி ஹேக்கை அப்படித்தான் எழுதுவாங்களாம், இதெல்லாம் அப்புறம் தெரிஞ்சது. கம்பெனியக் கேட்டா க்ளீன் பண்ண தனி சார்ஜ்னு சொல்லிட்டாங்க.

தெரிஞ்ச டெவலப்பர் தம்பி ஒருத்தன்கிட்ட காட்டினேன். அவன் பேஜ் சோர்ஸை (பக்கத்துக்குப் பின்னாடி இருக்கற கோடு) தொறந்து, அண்ணே இது வேர்ட்பிரஸ் (கோடிங் எழுதாமலே சைட் பண்ற ரெடிமேட் சாஃப்ட்வேர்), தீம் பேரு இங்கயே இருக்கு பாருங்கன்னு அந்தத் தீமோட டெமோ பக்கத்தை எடுத்துக் காட்டினான். அதே ஸ்லைடர், அதே ஐகான், எங்க ஆபீஸ்னு போட்டிருந்த போட்டோ கூட அங்க இருக்கு. யாரு வேணா காசு குடுத்து வாங்கிப் போட்டுக்கற தீம். தீம் போட்டு சைட் பண்றது தப்பே இல்ல, சின்ன பிசினஸுக்கு அதுவே தாராளம், ஆனா அதை தீம்னு சொல்லி தீம் ரேட்டுக்குக் குடுக்கணும்ல.

அட்மின் லாகின் கேட்டான். எங்ககிட்ட இருந்தது எடிட்டர் லாகின், அதுல ப்ளகின் (சைட்டுல கூடுதல் வசதி சேக்கற குட்டி சாஃப்ட்வேர்) மெனுவே தெரியாது. பத்து நாள் சண்டை போட்டு அட்மின் வாங்கினா உள்ள ஒரே கூத்து. தீமும் ரெண்டு ப்ளகினும் க்ராக் பண்ண காப்பி, லைசன்ஸ் இல்லாததால அப்டேட்டே வராது, அந்த மாதிரி ஃபைலுக்குள்ளயே தீய கோடை ஒளிச்சு வச்சு விடுவாங்கன்னான், நம்ம சைட்லயும் ஒரு ப்ளகின் ஃபைல்லதான் அந்த ரீடைரக்ட் கோடு உக்காந்திருந்துச்சு. பழைய பக்கங்களோட லிங்க் ஒண்ணைக் கூட புதுசுக்கு 301 ரீடைரக்ட் (பழைய லிங்க்கை நிரந்தரமா புது பக்கத்துக்குத் திருப்பி விடறது) போட்டு விடல, அதனால கூகுள்ல இருந்த எல்லாமே 404, அதாவது பக்கமே இல்லன்னு வருது. இதுக்கெல்லாம் மேல, கான்டாக்ட் ஃபார்ம்ல யாரு என்ன எழுதினாலும் அவங்க டெவலப்பரோட டெஸ்ட் மெயிலுக்குப் போயிருக்கு. நாலு மாசமா! வந்தவங்க எழுதிட்டு, பதில் வரலன்னு வேற கடைக்குப் போயிருப்பாங்க. எனக்கு ஹேக்கை விட இதுதான் வயித்தெரிச்சல்.

சரி போதும், வேற ஆள வச்சுக்கறேன், டொமைனை (சைட்டோட அட்ரஸ் பேரு) குடுங்கன்னேன். இங்கதான் நான் பண்ண முட்டாள்தனம். வேலை ஆரம்பிக்கறப்ப, டொமைனை எங்க அக்கவுண்டுக்கு மாத்திடுங்க, ரினியூவல் எல்லாம் நாங்களே பாத்துப்போம்னாங்க, நானே ஆத் கோடை (டொமைனை வேற இடத்துக்கு மாத்தத் தேவைப்படற ரகசிய கோடு) எடுத்து மெயில்ல அனுப்பினேன். மாத்தினவங்க ஓனர் பேரையும் சேத்து மாத்திட்டாங்க, ஹூயிஸ்ல (டொமைன் யாரு பேர்ல இருக்குன்னு காட்டற பதிவு) பாத்தா ஆர்கனைசேஷன்ங்கற இடத்துல அவங்க கம்பெனி. ரெஜிஸ்ட்ராருக்கு (டொமைனைப் பதிவு பண்ணித் தர்ற கம்பெனி) எழுதினேன், பதிவுல இருக்கறவர்தான் எங்களுக்கு ஓனர், அவரு கேட்டாத்தான் கோடு தருவோம்னுட்டாங்க. ஐகேன்ல (டொமைன் விதிகளைப் பாத்துக்கற உலக அமைப்பு) கம்ப்ளெயின்ட் பண்ணலாம்னு போனா, ரெஜிஸ்ட்ரார் ரூல்படி நடந்தாரான்னுதான் அவங்க பாப்பாங்களாம், உனக்கும் கம்பெனிக்கும் நடுவுல டொமைன் யாருதுன்னு பஞ்சாயத்து பண்ண மாட்டாங்களாம்.

கடைசியில 9 வருஷ ரினியூவல் பில்லு, பழைய மெயில் எல்லாத்தையும் சேத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினப்புறம்தான் பேச வந்தாங்க, அப்பவும் ஹேண்டோவர் சார்ஜ்னு ஒண்ணைக் கட்டச் சொன்னாங்க. கட்டிட்டேன், திட்டாதீங்க, சீசன் டைம்.

அதனால கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேட்டு எழுதி வாங்கிக்கோங்க: டொமைனும் ஹோஸ்டிங்கும் (சைட் ஃபைலெல்லாம் வைக்கற சர்வர் இடம்) உங்க பேர்ல, உங்க மெயில்ல, உங்க கார்டுல. ரினியூவல் பாத்துக்க அவங்களுக்கு ஆக்சஸ் மட்டும் குடுத்தாப் போதும். அட்மின் லாகின் லைவ் ஆகற அன்னைக்கே வேணும். தீம், ப்ளகின் லைசன்ஸ் யாரு பேர்ல இருக்குன்னும் கேளுங்க. எஸ்எஸ்எல்லுக்குன்னு (சைட்டுக்கும் பாக்கறவங்களுக்கும் நடுவுல போற தகவலைப் பாதுகாக்கற சர்டிஃபிகேட்) வருஷா வருஷம் தனியா பில்லு போட்டா எதுக்குன்னு கேளுங்க, லெட்ஸ் என்க்ரிப்ட்ல அது இலவசமாவே கிடைக்குது. லைவ் ஆன அன்னைக்கு உங்க ஃபார்ம்ல நீங்களே ஒரு மெசேஜ் போட்டு வருதான்னு பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை, நான் பண்ணல.

பழைய சைட்டோட பேக்கப்பும் அவங்ககிட்ட இல்லையாம். பார்ட் விவரமெல்லாம் வேபேக் மெஷின்ல (பழைய வெப்சைட் பக்கங்களைச் சேமிச்சு வைக்கற சைட்) இருந்து ஒவ்வொரு பக்கமா தோண்டி எடுத்து அந்தத் தம்பி திரும்ப ஏத்திட்டு இருக்கான், பாதி முடிஞ்சிருக்கு. அவங்க போர்ட்ஃபோலியோ பக்கத்துல இன்னும் எங்க சைட் ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, கீழ நூறு சதவீதம் கஸ்டம்னு போட்டிருக்காங்க. எடுக்கச் சொல்லி மூணு மெயில் போட்டுட்டேன், பதில் இல்ல.