சிவப்புப் பூவா, நீலப் பட்டமா, கள்ளச்சாவியா?

சீனப் படங்களில் சிறுவர்களை வைத்து அரசியல் பேசியவை எவை என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பெயர்கள் அடிபடும்: தியென் சுவாங்சுவாங்கின் ‘தி ப்ளூ கைட்’ (1993), ஜியாங் வென்னின் ‘இன் தி ஹீட் ஆஃப் தி சன்’ (1994), சாங் யுவானின் ‘லிட்டில் ரெட் பிளவர்ஸ்’ (2006). மூன்றுக்கும் களம் பெய்ஜிங். பின்னிரண்டுக்கும் மூலக்கதை எழுதியவர் வாங் ஷுவோ. அரசியல் உருவகமாக எது தேறுகிறது என்றால், என் கணக்கில் கடைசிப் படம்தான்.

காரணம், அதிலுள்ள பூ ஏற்பாடு. நான்கு வயது ஃபாங் சியாங்சியாங்கை உறைவிட மழலையர் பள்ளியில் கொண்டுவந்து விடுகிறார்கள். வந்ததும் அவன் பின்னந்தலைச் சடையைக் கத்தரித்துவிடுகிறார் ஆசிரியை லி. தானாகவே உடை மாட்டிக்கொண்டால் ஒரு சிவப்புப் பூ. எல்லோரோடும் வரிசையில் குந்தி, சொன்ன நேரத்தில் வெளிக்குப் போனால் இன்னொன்று. யாருக்கு எத்தனை என்பது பலகையில் எல்லோர் கண்ணிலும் படும். சியாங்சியாங்குக்குச் சட்டை கழற்றவே தெரியாது. படுக்கையை வேறு நனைத்துவிடுவான். ஆக, அவன் முதலில் கலகக்காரனே அல்ல. பூவுக்கு ஏங்குகிறவன், உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. முரண்டு பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அப்புறம் அவன் கிளப்பும் புரளி: லி ஆசிரியை குழந்தைகளைத் தின்னும் பூதம். பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். அவரைக் கட்டிப்போட இரவில் கூட்டமாகத் தவழ்ந்து போகிறார்கள். அவர் விழித்துக்கொண்டதும் திட்டம் சிதறுகிறது. அரை மணி நேரத்துக்கு முன்பு பூவுக்காக வரிசையில் நின்ற அதே பிள்ளைகள்தான் இவர்கள். கூட்டமாகப் பணிவதும் கூட்டமாகப் பாய்வதும் ஒரே பழக்கம் என்று இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய படம் எனக்குத் தெரியாது. கடைசியில் அவனுக்குக் கிடைக்கும் பெரிய தண்டனை அடியும் அல்ல, வசவும் அல்ல. அவனோடு யாரும் சேராமல் போவது.

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். லி ஆசிரியைதான் மாவோ, பள்ளிதான் சீனா என்று ஒன்றுக்கு ஒன்று பொருத்தினால் படம் சப்பென்று போய்விடும். லி கொடுங்கோலர் அல்ல. அவரும் அட்டவணைக்கு ஓடுகிற ஊழியர்தான். படத்தில் ஆண்டும் கிடையாது, கட்சிக் கூட்டமும் கிடையாது. தணிக்கையாளர் விரல் வைக்க இடமில்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

‘தி ப்ளூ கைட்’ நேர் எதிர். 1953-இல் ஸ்டாலின் இறப்பால் ஒரு கல்யாணம் தள்ளிப்போவதில் தொடங்கி, மாவோ 1966-இல் கிளப்பிய கலாச்சாரப் புரட்சி வரை, அப்பா, மாமா, மாற்றாந்தந்தை என்று மூன்று பாகமாக ஆண்டுவாரியாகப் போகிறது. சிறுவன் தியெதோவுக்கு மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக இல்லாமல் போகிறார்கள். விலையும் கொடுத்தது: டோக்கியோ திரைப்பட விழாவில் முதல் பரிசு, சீனாவில் தடை. 1994-இல் படமெடுக்கத் தடைசெய்யப்பட்ட இயக்குநர்கள் பட்டியலில் தியெனும் இருந்தார், சாங் யுவானும் இருந்தார். தியெனின் அடுத்த படம் வர 2002 ஆயிற்று.

இரண்டு படத்திலும் கழிப்பறை வருவதைக் கவனியுங்கள். தியெதோவின் அப்பா நூலக ஊழியர். யாரை ‘வலதுசாரி’, அதாவது கட்சிக்கு எதிரி, என்று காட்டிக்கொடுப்பது என்ற கூட்டத்தின் நடுவே எழுந்து கழிப்பறைக்குப் போகிறார். திரும்பி வந்தால் அத்தனை முகமும் அவரையே பார்க்கிறது. முடிந்தது. வலதுசாரி என்று அவரையே உழைப்பு முகாமுக்கு அனுப்புகிறார்கள், அங்கேயே இறந்துபோகிறார். சொன்ன நேரத்துக்கு வராததால் சியாங்சியாங்குக்குப் பூ போச்சு. சொல்லாத நேரத்தில் வந்ததால் இவருக்கு உயிரே போச்சு.

தியெதோவை அப்பாவிக் குழந்தை என்று எழுதுகிறவர்கள் ஒரு காட்சியை மறந்துவிடுகிறார்கள். தலைமையாசிரியையைக் கூட்டம் சேர்ந்து அவமானப்படுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொல்கிறவனும் அவன்தான். மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்கள் மேல் அவன் பாய்வது பின்னாலே, தன் வீட்டுக்குள் கை வைத்தபோது. ஆனாலும் இது உருவகம் அல்ல, வரலாற்றுப் பதிவு. வரலாறு தெரியாதவர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

‘இன் தி ஹீட் ஆஃப் தி சன்’ சுதந்திரக் கொண்டாட்டம் என்று பெயர் வாங்கிய படம். கொஞ்சம் அதிகப்படியான பெயர். கள்ளச்சாவி போட்டு ஊரார் வீட்டைத் திறக்கும் மா சியாவ்ஜுன் ராணுவக் குடியிருப்புப் பையன். பெரியவர்கள் கலாச்சாரப் புரட்சி வேலையில் இருப்பதால் தெரு அவன் கையில். அந்தச் சுதந்திரம் மேலிருந்து வந்த சலுகை. போதாததற்கு, உணவகத்தில் நண்பனை உடைந்த பாட்டிலால் குத்தும் காட்சியைக் காட்டிவிட்டு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று கதைசொல்லியே மறுத்துவிடுகிறான். படத்தின் நேர்மையான இடம் அதுதான். நடித்த சியா யூவுக்கு வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது, தகும்.

திரைப்படச் சங்கத்தில் போடுவதானால் ‘தி ப்ளூ கைட்’ முதலில். இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும், ‘மாமா’ பாகம் முடிந்ததும் இடைவேளை விடலாம். ஒன்றரை மணி நேரப் ‘பிளவர்ஸ்’ஸை வேறொரு நாள் வையுங்கள். அதே நாளில் போட்டால் மழலையர் பள்ளிச் சேட்டைக்குச் சிரித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.