பின்மூலையில் தொங்கவிட வேண்டாம்

யாழ்ப்பாணத்தில் ஹோம் தியேட்டர் பூட்டிய வீடுகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டும் செற்றிக்குப் பின்னால், சுவரும் கூரையும் சேரும் மூலைகளில், சாமிப்படங்களுக்கும் மேலே தொங்கும். கொக்குவிலில் எங்கள் வீட்டு ஹோலில் 5.1 அமைப்பை (ஐந்து ஸ்பீக்கர்களும் தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபரும்) சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன். நம்மைச் சுற்றிக் கேட்க வேண்டிய ஒலியைத் தரும் அந்தச் சின்ன சரவுண்ட் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் காசைவிட அதை மாட்டும் இடம்தான் பெரிது என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. எங்கள் ஊர் வீடுகளில் அந்த இடம் பெரும்பாலும் பக்கச் சுவர்தான்.

கணக்கு எளிது. தொலைக்காட்சியை நேரே பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த நேர்க்கோட்டைப் பூச்சியம் பாகை என்று வைத்துக்கொண்டால், முன் ஸ்பீக்கர்கள் இரு பக்கமும் 30 பாகையில் இருக்க வேண்டும். சரவுண்ட் ஸ்பீக்கர்களுக்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை 100 முதல் 120 பாகை வரை. டால்பி நிறுவனம் 5.1 அமைப்புக்கு 90 முதல் 110 வரை என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், காதுக்கு நேர் பக்கத்திலிருந்து சற்றே பின்னால் என்று வரும். முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் வைப்பது இன்னும் இரண்டு ஸ்பீக்கர்கள் கூடிய 7.1 அமைப்பில்தான், அதிலும் பக்க ஸ்பீக்கர்கள் முதலில் இருக்க வேண்டும்.

உயரம் காதுமட்டத்திலிருந்து ஓரிரு அடி மேலே போதும். செற்றியில் உட்கார்ந்தால் காது நிலத்திலிருந்து மூன்றரை அடி அளவில் வரும். ஆகவே ஐந்து, ஐந்தரை அடி உயரத்தில் மாட்டினால், பக்கத்தில் இருப்பவரின் தலையும் மறைக்காது. கூரை மூலைக்கு ஏற்றினால் இரண்டு கேடுகள். மூன்று பரப்புகள் சேரும் இடம் தாழ்ந்த ஒலிகளை ஊதிப் பெருக்கிவிடும். ஆட்களின் இரைச்சல் குடத்துக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். இரண்டாவது, முன்னால் ஓர் ஒலி, தலைக்குப் பின்னால் வேறோர் ஒலி என்று அறை இரண்டாகப் பிளந்து நிற்கும். திரையில் மோட்டார் சைக்கிள் இடப்புறமாக வெளியேறினால், அது என் இடத் தோளைக் கடந்து போக வேண்டும். மூலை ஸ்பீக்கரில் அது தொலைக்காட்சியில் மறைந்து கூரையில் முளைக்கும்.

எங்கள் வீடுகளில் உண்மையான இடைஞ்சல் செற்றிதான். அது பின்சுவரோடு ஒட்டியே கிடக்கும். இரண்டு அடியாவது முன்னுக்கு இழுத்தால் ஒலி நன்றாகத் திறக்கும், பின்சுவரில் பட்டுத் திரும்பும் தாழ்ந்த ஒலியின் இரைச்சலும் குறையும். அம்மா சம்மதிக்கவில்லை. நடு ஹோலில் இருக்கை போட்டால் செத்தவீடு மாதிரி இருக்கிறதாம். அதற்கு மேல் வாதாட முடியுமா? ஓரடி இழுப்பதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதனால் சரவுண்ட் ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ 95 பாகையில், காதுக்கு நேர் பக்கத்தில் நிற்கின்றன. அது போதும் என்றே சொல்வேன்.

இடப்பக்கம் சுவர் இருக்கிறது. வலப்பக்கம் குசினிக்குப் போகும் வழி திறந்து கிடக்கிறது, அதற்கப்பால்தான் சுவர். இடது ஸ்பீக்கர் என் காதிலிருந்து ஐந்து அடியிலும் வலது ஒன்பது அடியிலும் அமைந்தன. நான்கு அடி வித்தியாசத்தைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ மூன்றரை மில்லிசெக்கன் பிடிக்கும். எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் பெட்டியான ரிசீவரில் தூரத்தைச் சரியாகப் பதிந்தால், கிட்ட இருக்கும் ஸ்பீக்கரை அது அவ்வளவு நேரம் தாமதப்படுத்தும். ஒலியளவும் அப்படியே: வெட்டவெளியில் இந்தத் தூர வித்தியாசம் 5 டெசிபல் அளவுக்குக் குறைக்கும்; அறைக்குள் சுவர்கள் திருப்பித் தருவதால் அவ்வளவு குறையாது. ஓடிசி, வைபாவோ போன்ற தானியங்கி அளவீடுகள் ஒலிவாங்கியை வைத்து இதையெல்லாம் தாமே கணிக்கும். ஆனாலும் அவை முடித்த பிறகு அளவுநாடாவால் ஒருமுறை சரிபார்ப்பது என் வழக்கம். சப்வூஃபருக்கு மட்டும் அது சொல்லும் தூரம் நாடாவோடு ஒத்துவராது. உள்ளே இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது, அதை மாற்றக் கூடாது.

தெரிவுக்கு வருவோம். இரண்டு பக்கமும் ஒலியை வீசும் டைபோல் ஸ்பீக்கர்களுக்கு ஒரு காலத்தில் பெரிய மதிப்பு. அதற்குக் காரணமும் இருந்தது. 1987இல் வந்த டால்பி புரோ லொஜிக்கில் சரவுண்ட் ஒலித்தடம் ஒன்றே ஒன்று. அதிலும் 7 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் எதுவும் இல்லை. அந்த ஒற்றை ஒலியை அறை முழுவதும் கரைத்துவிட டைபோல் உதவியது. 1992இல் திரையரங்குகளுக்கு வந்த டால்பி டிஜிட்டல் முறையில் இடம், வலம் இரண்டும் தனித்தனி, தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை எல்லா ஒலியும் உண்டு. இன்று சாதாரண, நேரே ஒலிக்கும் ஸ்பீக்கரே எனக்குப் போதுமானது. அறை ஒடுக்கமாகி, காதுக்கு மூன்று அடிக்குள் ஸ்பீக்கர் வரும் வீட்டுக்கு மட்டும் பைபோல் வகையை (இதுவும் இரண்டு பக்கமும் வீசுவதுதான், ஆனால் இரு பக்கக் கூம்புகளும் ஒன்றாகவே தள்ளும்) யோசிக்கலாம்.

முன் ஸ்பீக்கர்களின் அதே மொடல் தொடரில் உள்ள சிறியதை வாங்குவது நல்லது. ஒரே குரல் பக்கத்துக்கு நகரும்போது குரலின் நிறம் மாறாது. முதுகில் காற்றுத்துளை உள்ளதைச் சுவரோடு ஒட்டி மாட்ட முடியாது. மூடிய பெட்டி, அல்லது முன்துளை உள்ளது பாருங்கள். நான்கு, ஐந்து அங்குலக் கூம்பு போதும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்வூஃபருக்குத் திருப்பிவிடப் போகிறோம், பிறகு பெரிய பெட்டி எதற்கு?

வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து தருவது இங்கே சாதாரணம். ஸ்பீக்கர் எந்த நாட்டிலிருந்தும் வரலாம், அதற்கு மின்னழுத்தம் பற்றிக் கவலையில்லை. ரிசீவர் அப்படியில்லை. லண்டனிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வருவது எங்கள் 230 வோல்ட்டில் நேரே ஓடும். கனடாவுக்கென்று செய்தது 120 வோல்ட், ஜப்பானுக்கென்று செய்தது 100 வோல்ட். தகுந்த ட்ரான்ஸ்போமர் இல்லாமல் சொருகினால் புகைதான். கனடாவில் உள்ள பெரியம்மா மகனிடம் ஸ்பீக்கரை மட்டும் கேளுங்கள்.

மாட்டும் வேலையில் பழைய கல்வீட்டுக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவரில் துளை எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் பிடிமானம். சாந்தில் விழுந்தால் பிளக் ஆடும், கல்லில் விழுந்தால் பல ஆண்டுகள் நிற்கும். வயர் 16 கேஜ், முழுச் செம்பு. அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவு வயர் இந்த உப்புக்காற்றில் விரைவில் கறுத்துவிடுகிறது. சிவப்பையும் கறுப்பையும் இரு ஸ்பீக்கர்களிலும் ஒரே மாதிரிப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மாறினால் சத்தம் பெரிதாகக் குறையாது, ஆனால் ஒலி எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் காது கூசும். ஒன்றரை வோல்ட் பற்றரியின் நேர் முனையைச் சிவப்பிலும் எதிர் முனையைக் கறுப்பிலும் கணநேரம் தொட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும்.

பிறகு அறை. ரைல்ஸ் நிலம், வெறுஞ்சுவர், பெரிய யன்னல். கைதட்டினால் சுவர்களுக்கிடையில் சலசலவென்று ஓடும். செற்றிக்கு முன்னால் தடித்த கார்ப்பெட்டும் எதிர்ச் சுவரில் புத்தக அலுமாரியும் வந்த பிறகுதான் சரவுண்ட் ஒலிக்கு ஒரு தெளிவு வந்தது. மின்விசிறி இன்னொரு சிக்கல். சித்திரை வைகாசி வெக்கையில் அதை நிறுத்த முடியாது. அது சுழலும்போது மெல்லிய மழைச்சத்தம், இலைச்சத்தம் எல்லாம் கரைந்துவிடும். அந்த மாதங்களில் சரவுண்டை 2 டெசிபல் உயர்த்துவேன். மாரி தொடங்கியதும் இறக்கிவிடுவேன். வருபவர்களுக்கு எப்போதும் அது போதாது. “பின்னால் உள்ளது வேலை செய்கிறதா?” என்று கேட்பார்கள். கோயில் திருவிழாக் கூம்பு ஒலிபெருக்கியில் வளர்ந்த காதுகள் எங்களுடையவை.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சோளகக் காற்றில் வரும் தூசியைத் துடைக்க வேண்டும். முன்துளைக்குள் குளவி மண்கூடு கட்டும். மெல்லிய வலைத்துணி ஒட்டினால் தீர்ந்தது. கூம்பின் விளிம்பு ரப்பராக இருக்கட்டும். ஃபோம் விளிம்பு வெக்கையிலும் ஈரத்திலும் பொடிந்து உதிரும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், மின்சாரம் திரும்பிவரும் அந்த உதறலுக்குப் பயந்து ரிசீவரின் பிளக்கைக் கழற்றி வைத்தேன். அந்தப் பழக்கம் இன்றுவரை நல்லதாகவே இருக்கிறது.

ஒரு சின்ன விடயம். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் பிசிஎம் என்று இருந்தால், பல தொலைக்காட்சிகள் வெறும் இரண்டு தடத்தைத்தான் ரிசீவருக்கு அனுப்பும். ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றி, தொலைக்காட்சியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி வழியாக இணைக்க வேண்டும். இசைக் கச்சேரிக்கு நேர்மாறு: இரண்டு தட நாதஸ்வரப் பதிவை ஐந்து ஸ்பீக்கரிலும் பரப்பினால் தவில் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. முன் இரண்டோடு கேளுங்கள்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மோஸ் வேண்டுமா என்று அத்தான் அடிக்கடி கேட்கிறார். மேல்நோக்கி ஒலியெறியும் ஸ்பீக்கர்களுக்கு, ஒலியைத் தெறிக்கவைக்கும் தட்டையான கூரை வேண்டும். எங்கள் ஹோலுக்கு மேலே சரிந்த ஓட்டுக்கூரை. எறிந்த ஒலி எங்கே போய் விழும் என்று ஓடுகளைத்தான் கேட்க வேண்டும். அத்தான் வீட்டில் சீலிங் அடிக்கப் போகிறார்கள். அது வேறு கணக்கு: பலகை ஏற்றும் முன்பே இரண்டு வயர்களை இழுத்து, செற்றி போடும் இடத்துக்குச் சற்று முன்னால் முனைகளை விட்டுவைக்கும்படி வயரிங்காரரிடம் சொல்லச் சொன்னேன். ஸ்பீக்கரைப் பிறகு ஆறுதலாக வாங்கலாம்.