மாதிரித் துணியில் ஒரு நிறம், குடையில் வேறு நிறம்: ரூ. 93,000 போயிற்று

செங்கோட்டையில் ஜவுளிக்கடை நடத்துகிறோம். விளம்பரக் குடைகளுக்காகக் கொடுத்த ரூ. 93,000 முழுவதும் வீணாகிவிட்ட ஆத்திரத்தில் இதை எழுதுகிறேன். மொத்தக் கொள்முதலுக்கென்றே இருக்கும் ஓர் இணையச் சந்தையில் கடை விரித்திருக்கும் விற்பனையாளர்தான் இதைச் செய்தார். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. மழைக்காலத்துக்குக் குடை அடிக்கக் கொடுக்கவிருக்கும் கடைக்காரர்கள் இதை முழுவதும் படியுங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் ஆரியங்காவு கணவாயைத் தாண்டி, கேரளத்தின் தென்மலை, புனலூர் பக்கமிருந்து வருகிறவர்கள். ஜூன் தொடக்கத்தில் அங்கே இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் பள்ளித் திறப்பும் சேர்ந்தே வரும். இங்கே சாரல் விழுந்து குற்றாலத்தில் சீசன் தொடங்கும். அந்தச் சமயத்தில் துணி எடுப்பவர்களுக்கு, ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் கடைப்பெயர் அச்சிட்ட குடை கொடுக்கலாம் என்று முடிவு செய்து, ஒன்று ரூ. 310 வீதம் 300 குடைகளுக்குச் சொன்னோம்.

நிறத்தைப் பற்றி எங்களுக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. அப்பா காலத்திலிருந்து பெயர்ப்பலகை, துணிப்பை, பில் எல்லாவற்றிலும் அரக்கு நிறத்தின்மேல் மஞ்சள் எழுத்துதான். எல்லையில் கடை வைத்திருப்பவர்களுக்கு நிறம் சின்ன விஷயம் அன்று. கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் இந்தப் பக்கம் ஒரு கட்சி. தனிச் சிவப்பு என்றால் கணவாய்க்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்சி. எந்தக் கொடியோடும் ஒட்டாத நிறமாக இருக்க வேண்டும் என்றுதான் அப்பா அரக்கைப் பிடித்தார். இதை விற்பனையாளரிடம் விளக்கமாகவே சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, குடைத் துணியில் ஒரு துண்டைக் கூரியரில் அனுப்பிவைத்தார்.

உள்ளங்கை அகலத் துண்டு. நூல் பிரியாமல் இருக்க ஓரத்தைச் சூடு காட்டி உருக்கியிருந்தார்கள். பின்புறம் வெள்ளிப் பூச்சு. குழல் விளக்கின் கீழ் ஒரு மாதிரியும் வெளிச்சத்தில் வேறு மாதிரியும் தெரியும் சாயங்கள் உண்டு என்பது ஜவுளிக்காரர்களுக்குத் தெரியும். அதனால் வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் எங்கள் துணிப்பையின்மேல் விரித்துப் பார்த்தோம். பையின் நிறமும் துண்டின் நிறமும் அப்படியே ஒன்றாக இருந்தன. “அண்ணாச்சி, இதே ரோலில் இருந்துதான் வெட்டப் போகிறோம். நூலளவும் பிசகாது” என்றார் விற்பனையாளர். அந்தச் சொல்லுக்கும் அந்தத் துண்டுக்கும்தான் முன்பணம் ரூ. 46,500 அனுப்பினேன். லாரி ரசீதின் படம் வந்ததும் மீதி ரூ. 46,500 அனுப்பினேன்.

கட்டைப் பிரித்து முதல் குடையை விரித்தபோது தக்காளிச் சிவப்பு. இரண்டாவதும் அதே. அரக்கின் சாயலே இல்லை. அதைவிடக் கொடுமை எழுத்து: மஞ்சளாக இருக்க வேண்டிய கடைப்பெயர், சிவப்பு ஏறிக் கலங்கி, பத்தடி தள்ளி நின்றால் படிக்க முடியாமல் கிடந்தது. தென்காசியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் நண்பர் ஒருவர் பார்த்தவுடனேயே காரணத்தைச் சொல்லிவிட்டார். பாலியஸ்டர் துணியில் ஏற்றிய சாயம், அச்சைச் சூடு கொடுத்துக் காயவைக்கும்போது ஆவியாகி மேலே இருக்கும் மைக்குள் ஏறிவிடும். சிவப்பு, அரக்கு போன்ற துணிகளில் இது அதிகம் என்பதால், சாயத்தைத் தடுக்கும் மையை அடியில் பூசி, சூட்டையும் குறைத்து அடிக்க வேண்டுமாம். இது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றார் அவர்.

விற்பனையாளரை அழைத்தேன். “போன் திரையில் தெரியும் நிறம் வேறு, துணியில் வரும் நிறம் வேறு அண்ணாச்சி” என்றார். நான் திரையைப் பார்த்து நிறம் முடிவு செய்யவில்லை, நீங்கள் அனுப்பிய துணியைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன் என்றதும், சாயப்பட்டறையில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும் என்றார். இதே ரோல் என்று சொன்னீர்களே என்று கேட்டேன். முதலாளியிடம் பேசிவிட்டு அழைக்கிறேன் என்றார். அதன்பின் நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை.

இணையச் சந்தையிலோ, பெயர் அச்சிட்ட பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று ஒரே வரியில் பதில். மின்வணிகத்துக்கான 2020 விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று எழுதினேன். வணிகத்துக்காக வாங்கிய நீங்கள் நுகர்வோரே அல்லர் என்று திருப்பி எழுதினார்கள். சுயதொழில் செய்து பிழைப்பவர் அதற்காக வாங்குவதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதவில்லை என்று சுட்டிக்காட்டிய பிறகு அவர்களும் மௌனம். ரூ. 93,000 கொடுத்தவனுக்கு ஒரு மனிதரிடம் பேசக்கூட வழி இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன்.

அந்தச் சிவப்புக் குடையைப் புனலூர்க்காரர் கையில் கொடுத்து, இது எங்கள் கடைக் குடை என்று எப்படிச் சொல்வது? 300 குடைகளும் கிடங்கில் கிடக்கின்றன.

விரிவாக எழுத இப்போது மனம் இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். வெறும் துணித்துண்டு போதாது, அச்சிட்டு முடித்த முழுக் குடை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அனுப்பிய துண்டில் பாதியை வெட்டி, கையெழுத்திட்டு அவர்களுக்கே திருப்பி அனுப்புங்கள். மீதிப் பாதி உங்களிடம் இருக்கட்டும். நிற அட்டையைப் பார்த்து நிற எண் எழுதினால் துணிக்கான எண்ணா என்று பாருங்கள், காகிதத்துக்கான எண் வேறு. லாரி ரசீதின் படத்தைப் பார்த்து மீதிப் பணம் அனுப்பாதீர்கள்.